இதே மாதிரி வேறு யாருக்காவது?

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அம்மாவின் முகத்தில், பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்தவளின் களை இருந்தது. பின்னால் வந்த அக்கா செருப்பை உதறினாள். ஒன்று வாசலில் விழுந்தது, மற்றொன்று கூடத்துக்குள் வந்து விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் டாண் டாண்ணு பதில் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"நோயாளி இவளா, நீயா?" என்றார் அப்பா. அப்பா பல் செட் செய்கிறவர். எத்தனை துவைத்தாலும் சட்டைக் கையில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும்.

"இவ வாயைத் திறந்தாத்தானே? 'ம்', 'ம்ஹூம்', அவ்வளவுதான். மிச்சத்தை நான்தான் பார்த்துக்கிட்டேன்."

"எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

அக்கா சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிற நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சில மாதங்களாக அவளுக்கு எதுவும் ஓடவில்லை. முதலில் பென்சில் கனக்கிறது என்றாள். பிறகு குளியலறை ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்றாள். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. கேலி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "எப்பப் பாரு படுத்தே இருக்கியே" என்று அப்பா கேட்டால், "படுக்கலைப்பா, படுக்கைவாட்டில நின்னுட்டிருக்கேன்" என்பாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்போது அவள் தோள் குலுங்கினால் அது சிரிப்பு இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

"மனச்சோர்வுதானாம். முதல்ல ரத்தத்தைப் பார்க்கணுமாம், தைராய்டு கோளாறா இருக்கப்போகுதேன்னு. வியாழக்கிழமை திரும்ப வரச் சொன்னாங்க. அன்னிக்கு மாத்திரை எழுதித் தருவாங்க" என்றாள் அம்மா. "வேற என்ன கேட்டாங்க... ஆங், குடும்பத்துல வேற யாருக்காவது இதே மாதிரி இருந்திருக்கான்னு கேட்டாங்க. சேச்சே, எங்க வீட்டுல யாரும் இப்படிப் படுத்ததே இல்ல டாக்டர், எல்லாரும் ஒரே சுறுசுறுப்புன்னு சொன்னேன்."

"அதுல உங்க அண்ணனையும் சேர்த்தியா?"

"சேர்க்காம? அவர்தானே முதல் சுறுசுறுப்பு."

அப்பா சிரித்தார். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். அதன் மாடியிலேயே தனியாக இருக்கிறார். ஊருக்கு அவர் மாஸ்டர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு அவ்வப்போது 'வேகம்' வரும். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வேகம் வந்தால் தூங்க மாட்டார். ஒரு சோப்பு வாங்கப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வருவார். விடியும் முன்னே வந்து அப்பாவை எழுப்பி நீச்சல் கற்றுக்கொடுக்கக் கூட்டிப்போவார். ஒருமுறை கூடத்துக்குக் காற்று போதவில்லை என்று ஒரு சுவரைப் பாதி இடித்துவிட்டார். இன்னொரு முறை, ஒரே மாதத்தில் பள்ளிக்கு இரண்டு கிளைகள் திறந்தார். இரண்டும் ஒரே தெருவில், எதிரெதிரே.

வேகம் போனபின் அவருக்கு முதுகுவலி வரும். மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். அம்மா பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவாள். அந்த முதுகை எந்த மருத்துவரும் வந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு ஒரு நாள் அப்பா அவரை உட்காரவைத்து நீளமாக அறிவுரை சொன்னார். மாமா திருந்திவிட்டார். வேகமும் போனது, முதுகுவலியும் போனது. அப்பா இதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். தண்ணீர் கேன் போட வருகிறவருக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

என் சிரிப்பு ஏன் நின்றது என்றால், நான் வேலை செய்வது மரபணு ஆய்வகத்தில். குடும்பம் குடும்பமாக எச்சில் வாங்கி, குழாய்களில் அடைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஒரு வீட்டிலிருந்து வரும் குழாய்களில் ஒன்று மனச்சோர்வு உள்ளவருடையதாக இருக்கும். அதே வீட்டின் இன்னொரு குழாய் இருமுனைக் கோளாறு உள்ளவருடையது. ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி வருகிற வியாதி அது. பார்த்தால் இரண்டும் வேறு வேறு. உள்ளே போனால் இரண்டுக்கும் வேர்கள் நிறைய இடங்களில் ஒன்றாகவே ஓடுகின்றன. காலை முதல் மாலை வரை இதைத்தான் செய்கிறேன். அதை என் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"அம்மா" என்றேன். "மாமாவைப் பத்திச் சொல்லியிருக்கணும்."

வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானாகப் பேசுவது அபூர்வம்.

"எதுக்கு? இவளுக்குச் சோர்வு. அவருக்கு வேகம். ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். டாக்டர் இதே மாதிரின்னுதான் கேட்டாங்க. உப்பு இருக்கான்னு கேட்டவங்ககிட்ட சர்க்கரை டப்பாவைத் திறந்து காட்டச் சொல்றியா?"

"ரெண்டும் ஒரே அலமாரிம்மா" என்றேன். "அது தெரியாம டாக்டர் வழக்கமான மாத்திரையைக் குடுத்தா, சில பேருக்கு அது மேல தூக்கிட்டுப் போயிடும். சோர்வு போய் வேகம் வந்துடும். தெரிஞ்சா வேற மாதிரி யோசிப்பாங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ இது உங்கம்மா பக்கத்துச் சரக்குன்னு சொல்றே."

"அப்பா, அதைச் சொல்ல வரல."

"விஞ்ஞானமே சொல்லுது. நான் என்ன பண்ண முடியும்?"

அம்மா சிரிக்கவில்லை. "என் அண்ணனைப் பைத்தியம்னு அந்தம்மா ஃபைல்ல எழுதி வைக்கணுமா? அவர் தங்கமா இருக்கார். தானுண்டு தன் காருண்டுன்னு இருக்கார். அவரைக் கேட்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்ப கேளு" என்றார் அப்பா.

"நான் கேட்க மாட்டேன்."

பேச்சு அதோடு நின்றது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், சோபாவில் இருந்தவள் உட்பட. ஞாயிறு காலையில் எனக்கு மாமாவிடம் கார் பாடம்.

அன்று துணி மடிக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள், மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரை நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மாத்திரை எப்ப வேலை செய்யும்னு" என்றாள். "அது சரியா வரலேன்னா, வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலடி."

இதில் கேலி இல்லை. துண்டை அவள் மடியிலிருந்து எடுத்து நானே மடித்தேன்.

*

மாமாவின் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவருக்கானது. மாணவர்கள் எல்லோரும் அதை எண்ணி நிம்மதியாக ஓட்டுவார்கள். நான் அதை எண்ணிப் பயப்படுவேன். மாமாவின் கால் அசைந்தாலே நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

"ஹார்ன் அடி" என்றார் மாமா. முன்னால் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே தெரு நடுவில் நின்றிருந்தார்.

"பேசிட்டிருக்கார் மாமா."

"சரி, பேசி முடிக்கட்டும். நாம இங்கயே வீடு கட்டிக் குடியேறிடுவோம்."

"இதோ, நகர்றார்."

"அவர் நகரல. செருப்பைச் சரி பண்றார். ஹார்ன் அடிம்மா லவுட்ஸ்பீக்கர்."

லவுட்ஸ்பீக்கர் என்பது மாமா எனக்கு வைத்த பெயர். நான் ஹார்னைத் தொட்டேன். பூனைக்குட்டி மிதிபட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்த ஆள் எங்களைப் பார்த்து, என்னவோ தெரிந்தவர்கள்போலக் கையசைத்துவிட்டு ஒதுங்கினார்.

பெயின்ட் கடையைத் தாண்டும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தாண்டிவிட்டேன். பள்ளிக்கூட வளைவில் என்று நினைத்தேன். அதுவும் போனது. கடைசியில் ரவுண்டானாவில், வலப்பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தபோது, "மாமா, உங்களுக்கு வேகம் வருமே, அதை அக்காவோட டாக்டர்கிட்டச் சொல்லணும்" என்றேன்.

மாமா பிரேக்கை மிதித்தார்.

லாரிக்காரர் எதையோ சொல்லிக்கொண்டு போனார். நல்லவேளை, கண்ணாடி ஏற்றியிருந்தது.

"ஓரமா நிறுத்து" என்றார் மாமா. நிறுத்தினேன். "இதைச் சொல்ல இந்த ஊர்ல உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் மாத்திரை, வியாழக்கிழமை, மருத்துவரின் கேள்வி, அம்மாவின் பதில். ஸ்டீயரிங்கிடம் பேசுவது எளிதாகத்தான் இருந்தது. மாமா கேட்டுக்கொண்டே, டாஷ்போர்டில் படிந்திருந்த தூசியை விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க லேப்ல அதுக்கு என்ன பேர் சொல்வீங்க? என்னோட வேகத்துக்கு."

"நான் டாக்டர் இல்ல மாமா. பார்க்காம சொல்லக்கூடாது."

"சும்மா சொல்லு."

"இருமுனைக் கோளாறா இருக்கலாம்."

"இருக்கலாம் என்ன, அதேதான். என் டாக்டரும் அதைத்தான் சொன்னார்."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரெதிரே ரெண்டு கிளை திறந்தேன் இல்ல? அதுக்கப்புறம் வந்த முதுகுவலி ரொம்ப மோசம். இனி எழுந்திருக்கவே வேணாம்னு தோண ஆரம்பிச்சுது. பயந்துட்டேன். ஊரோட அந்தக் கோடியில போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அன்னிலேருந்து மாத்திரை. அப்பப்போ ரத்தம் எடுத்து அளவு பார்ப்பாங்க. உங்கம்மா கேட்டா டயர் பார்க்கப் போனேம்பேன். இத்தனை வருஷமா நான் பார்த்த டயரை அடுக்கினா இந்த ஊருக்கே சுவர் கட்டலாம்."

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"மாஸ்டருக்குத் தலை சரியில்லன்னு தெரிஞ்சா எவன் கார் பழக வருவான்? அது ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு உங்கப்பா."

"அப்பாவா?"

"நான் மாத்திரை ஆரம்பிச்ச அதே வாரத்துலதான் அந்த மனுஷன் என்னை உட்காரவச்சு அறிவுரை சொன்னார். மத்தியானம் ஆரம்பிச்சு விளக்கு வைக்கிற வரைக்கும். அப்புறம் எனக்குச் சரியாச்சு. அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? வாழ்க்கையில ஒருத்தனைத் திருத்தியிருக்கார். அதைப் போய் அவர் கையிலேருந்து பிடுங்கச் சொல்றியா? அடிமடியிலயே கைவைக்கிற மாதிரி இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்துக் கேட்டபோது அவர் குரல் மாறியிருந்தது.

"என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போச்சா?"

"இல்ல மாமா. நீங்க குடுக்கல. உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சோ, அதே இடத்துலேருந்து அவளுக்கும் கொஞ்சம் வந்திருக்கலாம். அதுவும் ஒரு ஜீன் இல்ல. ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன வித்தியாசம். ஒவ்வொண்ணும் தூசி மாதிரி. எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கும், என்கிட்டயும், அப்பாகிட்டயும். சிலர்கிட்ட கொஞ்சம் கூடுதலாச் சேர்ந்துடும். சேர்ந்தாலும் வரணும்னு இல்ல. வாழ்க்கையில மத்ததும் அடிக்கணும். அதே தூசிதான் ஒருத்தருக்குச் சோர்வாவும், இன்னொருத்தருக்கு ஏத்த இறக்கமாவும் வருது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

மாமா என்னையே பார்த்தார். "நீ இவ்வளவு பேசுவியா?"

"லேப்ல பேசுவேன்."

"யார்கிட்ட?"

"குழாய்ங்ககிட்ட."

மாமா சிரித்துவிட்டார். பிறகு முன்கண்ணாடியைத் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. "நீயே போய்ச் சொல்லிடேன். மாமான்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு இப்படின்னு. நான் வேணாம்னு சொல்லல. உங்கப்பா இல்லாதப்போ சொல்லு."

"சொல்றேன். ஆனா வேகம் எப்படி ஆரம்பிக்கும், எந்த மாத்திரை உங்களுக்குச் சரியா வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாதே."

"வியாழக்கிழமை என்கிட்டப் பழகற பசங்க மூணு பேருக்கு டிரைவிங் டெஸ்ட். நான் கூட நிக்கணும்" என்றார் மாமா. "வண்டியை எடு. ரிவர்ஸ் பார்க்கிங் இன்னும் வரல உனக்கு."

அன்று ரிவர்ஸும் வரவில்லை.

*

வியாழக்கிழமை அப்பாவும் வந்தார். கடைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, தானும் வந்தே தீருவேன் என்றார். "நான் ரெண்டு வார்த்தை பேசினா டாக்டருக்கும் உதவியா இருக்கும்." மாமாவின் கதையை மனதில் வைத்துத்தான் சொன்னார்.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். அப்பா காலாட்டினால் வரிசை முழுக்க ஆடியது. கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அக்கா தன் கையை என் கைக்குள் நுழைத்து வைத்திருந்தாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க ஆய்வகத்தில் குழாய்களிடம் அதைச் சொல்லிப் பழகியிருந்தேன். ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

மருத்துவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நால்வரும் உள்ளே நுழைந்ததைப் பார்த்து, "ஒரு குடும்பமே சோர்வா இருக்கா, இல்ல ஒருத்தர்தானா?" என்றார்.

"ஒருத்தர்தான்" என்றாள் அக்கா. "மத்தவங்க வேடிக்கை பார்க்க."

ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. மருத்துவர் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னார். அக்கா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். மருத்துவர் கையெழுத்துப் போட்டு, சீட்டைப் புத்தகத்திலிருந்து பிரித்து, அக்காவிடம் நீட்டினார்.

"எங்க மாமாவுக்கு இருமுனைக் கோளாறு இருக்கு!" என்றேன்.

சொல்லவில்லை, கத்தியிருக்கிறேன். மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையின் மூடிகூட அதிர்ந்தது என்று அப்பா பிற்பாடு சொன்னார். அது மிகை.

"வாசல் வரைக்கும் கேட்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கதவைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். வெயிலில் வந்த முகம். "டாக்டர், அந்த மாமா நான்தான்."

"அண்ணா! டெஸ்ட்டு?" என்றாள் அம்மா.

"மூணு பேரும் ஃபெயில். அதான் சீக்கிரம் முடிஞ்சுது."

இன்னொரு நாற்காலி வந்தது. மருத்துவர் சீட்டை அக்காவிடமிருந்து திரும்ப வாங்கி, தாள் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். மாமா சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எவ்வளவு காலமாக, எந்த அளவில் என்றெல்லாம் சொன்னார்.

அப்பா அட்டையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "அப்போ அந்த முதுகுவலி?"

"முதுகு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள."

"அப்போ..." அப்பா அட்டையை எடுத்துப் புரட்டினார். "அப்போ நான் சொன்ன அறிவுரை?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். மாமா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பொய் சொல்ல மாட்டேன் மாப்ள. நீங்க பேசினதுல பாதி காதுல விழல. அன்னிக்கு மாத்திரை புதுசு, தூக்கம் தூக்கமா வந்துச்சு. ஆனா இப்படி ஒருத்தனை ஓடவிடாம அவ்வளவு நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களே. அன்னிக்கு எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

அப்பா சட்டைக் கையிலிருந்த மாவைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். "பாதியாவது விழுந்துச்சே" என்றார்.

மருத்துவர் ஒரு தாளில் கட்டங்களும் வட்டங்களும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். மாமாவின் கட்டத்துக்குக் கோடு போட்டு நிழல் அடித்தார். அப்பா எட்டிப் பார்த்து, தன் கட்டம் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். "எங்க பக்கம் ஒண்ணும் கிடையாது டாக்டர்."

"ஏன், உங்க அத்தை?" என்றாள் அம்மா. அந்த அறைக்குள் வந்த பிறகு அவள் சேர்ந்தாற்போலப் பேசியது அப்போதுதான். "கதவைச் சாத்திக்கிட்டு மாசக்கணக்குல வெளியவே வராம இருந்தாங்களே?"

"அது கோவம்!"

"யார் மேல?"

அப்பா யோசித்தார். யார்மேல் என்று அவருக்கு நினைவு வரவில்லை. மருத்துவர் ஒரு வட்டம் போட்டு அதற்கும் லேசாக நிழல் அடித்தார்.

"ரத்தத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று அப்பா என்னைக் கேட்டார், தோற்ற கட்சிக்காரரின் குரலில். "நீ அந்த வேலைதானே பண்றே?"

"ஒரு ஆளுக்கு வருமா வராதான்னு சொல்ற அளவுக்கு இன்னும் முடியாதுப்பா."

"அதனாலதான் வாயைப் பிடுங்க வேண்டியிருக்கு" என்றார் மருத்துவர். பிறகு மாமாவிடம், "உங்களுக்கு அந்த வேகம் எப்படி ஆரம்பிக்கும்?" என்றார்.

"ஆரம்பத்துல ரொம்ப நல்லா இருக்கும் டாக்டர். அதுதான் வம்பே. தூக்கம் குறையும், ஆனா களைப்பே தெரியாது. வண்டி ரெண்டாவது கியர்லேருந்து தானா நாலாவதுக்குப் போன மாதிரி. மத்தவங்க எல்லாம் ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறாங்கன்னு எரிச்சல் வரும். மனசுல ஒரு யோசனை வந்தா அதுக்குள்ள பத்து யோசனை வரும், பத்தும் அற்புதமாத் தெரியும். நாமதான் கெட்டிக்காரன், இத்தனை நாள் ஏன் தெரியலன்னு தோணும்."

"எனக்கு அப்படி ஒரு தடவை இருந்திருக்கு" என்றாள் அக்கா.

மிகவும் மெதுவாகச் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல. ரெண்டு வாரம் இருக்கும். தூங்கவே தோணல. ஒரு அடுக்குமாடி முழுக்க, ஒவ்வொரு வீட்டுச் சமையலறையும் வேற வேற மாதிரி வரைஞ்சேன். யாரும் கேட்கல, நானா வரைஞ்சேன். மேனேஜர் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் பதில் சொல்லிடுவேன். அப்புறம் ஒரு வாரம் எழுந்திருக்க முடியல."

"காய்ச்சல்னு லீவு போட்டியே?" என்றாள் அம்மா.

"காய்ச்சல் இல்லம்மா."

"அந்தச் சமையலறைகளுக்கு என்ன ஆச்சு?" என்று மருத்துவர் கேட்டார்.

"அந்த வருஷத்தோட சிறந்த ஊழியர்னு எனக்குக் கேடயம் குடுத்தாங்க."

மருத்துவர் கண்ணாடிக் குண்டை நகர்த்தினார். அடியில் இருந்த சீட்டை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அக்காவின் முகம் விழுந்துபோனது.

"பயப்படாதீங்க. எழுதினதை அன்னிக்கே கிழிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மாசம் கழிச்சுக் கிழிக்கிறதுதான் பிடிக்காது" என்றார். "அதைத் தனியா சாப்பிட்டிருந்தா உங்களைத் தூக்கி மேல போட்டிருக்கலாம். போட்டிருக்கும்னு சொல்லல, போட்டிருக்கலாம். இப்போ வேற வழியில போவோம். கொஞ்சம் மெதுவான வழி."

"அப்போ எனக்கும் மாமாவை மாதிரி ஆகுமா?"

"தெரியாது" என்றார் மருத்துவர். நேராகவே சொன்னார். "உங்க மாமா மாதிரியே இருக்கணும்னு இல்ல. ஆனா ஒருவேளை அப்படின்னாலும், இதோ ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்திருக்கார். கார் ஓட்டக் கத்துக்குடுக்கறார்."

"மூணு பேரும் ஃபெயில்" என்றாள் அக்கா.

"அது அவங்க ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறந்தது. என் வியாதிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் மாமா.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வெளியே வந்ததும் அண்ணனின் முதுகில் ஓர் அடி வைத்தாள். "எத்தனை வேளை சாப்பாடு தூக்கிட்டு வந்திருப்பேன்! முதுகுக்கு எண்ணெய் வேற தேச்சு விட்டேனே!"

"அதனாலதான் சொல்லல" என்றார் மாமா. "நல்லா தேய்ப்பே."

*

மெதுவான வழி உண்மையிலேயே மெதுவாக இருந்தது. முதல் சில வாரங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா படுத்துக்கிடந்தாள், நடுவில் இரண்டு முறை மருந்தை நிறுத்திவிடுகிறேன் என்றாள். இரண்டு முறையும் மாமா வந்து சோபாவின் கால்பக்கம் உட்கார்ந்துகொண்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எப்போது எதையெல்லாம் நிறுத்தினார், நிறுத்தியதும் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கதைகளில் இடிந்த சுவர்கள் நிறைய இருந்தன.

பிறகு ஒரு நாள் அக்கா தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவினாள். மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து பேசினாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. சோர்வு போவதற்காகக் காத்திருந்தவர்கள், இப்போது வேகம் வந்துவிடுமோ என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தோம். அவள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள். ஒரு பாட்டை முணுமுணுத்தால் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். நான் மட்டும் என்ன, அவள் தூங்குகிறாளா என்று கதவிடுக்கில் பார்த்து, இரண்டு முறை அவள் கண்ணிலேயே பட்டேன்.

"நான் சோகமா இருந்தாலும் தப்பு, சந்தோஷமா இருந்தாலும் தப்பு" என்றாள் அக்கா. "இந்த வீட்டுல மனுஷி எப்படித்தான் இருக்கறது?"

"சுமாரா இரு" என்றார் அப்பா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா என்னைப் பாடத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். அக்கா வெளியே கிளம்புவதுபோலக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பின் முதல் தடவை. அம்மா மாமாவுக்குக் கண்ணைக் காட்டினாள். மாமா கதவருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சை நடத்துகிறவர்போல உட்கார்ந்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"கடைக்கு."

"ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேன்."

"எவ்வளவு?"

"நீங்க எல்லாரும் மாத்தி மாத்தி எட்டிப் பார்த்த நேரம் போக மிச்சம் முழுக்க."

"நாங்க எல்லாம் மெதுவாப் பேசற மாதிரி இருக்கா?"

"அப்பா மட்டும். அவர் எப்பவுமே அப்படித்தான்."

"கடையில என்ன வாங்கப்போறே?"

"ஷாம்பு."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எத்தனை?"

"ஒண்ணு" என்றாள் அக்கா. "சின்னது."

மாமா எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.